உறுமலை அடக்கும் ஒற்றைக் கம்பி

கிட்டாருக்கான எஃபெக்ட் பெடலை வீட்டிலேயே செய்பவர்களைக் காப்பதும் கவிழ்ப்பதும் போர்டுக்கு வெளியே ஓடும் பத்துப் பன்னிரண்டு கம்பிகள்தான். அதில் தவறினால் இரைச்சல். இரைச்சலை மறைக்கக் குறுக்குவழி தேடினால் உயிருக்கே ஆபத்து.

திருவனந்தபுரம் கோட்டைக்குள், பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டி இருக்கிறது நவராத்திரி மண்டபம். ஆண்டுதோறும் ஒன்பது மாலைகளில் சுவாதித் திருநாளின் கிருதிகள் ஒலிக்கும் இடம். அதன் மேற்கூரையில் கவிழ்த்துத் தொங்கவிடப்பட்டிருக்கும் மண்பானைகள் பாடகரின் குரலை வாங்கிச் செழுமைப்படுத்திச் சபைக்குத் திருப்பித் தருகின்றன. மின்சாரம் வருவதற்கு முன்பே யோசித்துச் செய்த ஒலி ஏற்பாடு. அதில் இசை உண்டு, இரைச்சல் கிடையாது.

இதே நகரத்தில் 2003ல் உருவானது 'அவியல்' ராக் இசைக்குழு. 2008ல் வெளிவந்த அவர்களது முதல் ஆல்பம், மலையாள வரிகளைக் கனத்த கிட்டார் ஒலியோடு கலந்து இளைஞர்களைக் கவர்ந்தது. குழுவின் கிட்டார் கலைஞர் ரெக்ஸ் விஜயன் பின்னர் மலையாள சினிமாவுக்கும் இசையமைத்தார். அவர்களைப் பார்த்துக் கிட்டார் எடுத்தவர்கள் தலைநகரில் ஏராளம். பகலில் கல்லூரி அல்லது டெக்னோபார்க் வேலை, இரவில் மாடியறையில் ஒத்திகை.

இந்த இசைக்கு மண்பானை போதாது, மின்சாரம் வேண்டும். மின்சாரம் வரும்போது கூடவே அழையா விருந்தாளியாக ஓர் உறுமலும் வந்துவிடுகிறது. கிட்டாரைத் தொடாமல் வைத்திருந்தாலும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து 'ம்ம்ம்' என்று எழும் அந்த ஒலி, சொந்தமாகப் பெடல் செய்து பார்த்த எவரையும் ஒருமுறையாவது தூங்கவிடாமல் செய்திருக்கும்.

இருபது பாகங்கள், ஒன்பது வோல்ட்

கிட்டார் கலைஞரின் காலடியில் வரிசையாக இருக்கும் சிறு உலோகப் பெட்டிகள்தான் எஃபெக்ட் பெடல்கள். காலால் ஒரு மிதி மிதித்தால் சாதுவான கிட்டார் ஒலி கரகரக்கும், எதிரொலிக்கும், அலையலையாக அசையும். 1962ல் வந்த 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' இந்த வகையின் முன்னோடி. மூன்று ஆண்டுகள் கழித்து ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ஒரு பாட்டில் அது ஒலித்த பிறகே உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. 1966ல் 'ஃபஸ் ஃபேஸ்', 1970களின் இறுதியில் ஜப்பானின் 'டியூப் ஸ்க்ரீமர்' என்று குடும்பம் பெருகியது.

வெளிநாட்டுப் பெடல் ஒன்றின் விலை பல ஆயிரம் ரூபாய். ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் எளிய சங்கதி. ஃபஸ் ஃபேஸில் இரண்டே டிரான்சிஸ்டர்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய ரெசிஸ்டர்கள், கெபாசிட்டர்கள். மின்சாரத்துக்கு ஒரு 9 வோல்ட் பேட்டரி. சென்னை ரிச்சி தெரு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, மும்பை லேமிங்டன் ரோடு என்று எங்கே கேட்டாலும் கிடைக்கும் பாகங்கள். எலெக்ட்ரானிக்ஸ் கேரளத் தலைநகருக்கும் புதிதல்ல. மாநில அரசின் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமான கெல்ட்ரான் 1973ல் தொடங்கப்பட்டது இங்கேதான்.

எனவே போர்டு செய்வது ஓரிரு மாலை வேலை. மேஜை மீது பரப்பிவைத்துச் சோதிக்கும்போது அழகாகப் பாடும். அதையே பெட்டிக்குள் வைத்து மூடியதும் உறுமும், கீச்சிடும் அல்லது ஊமையாகிவிடும். பலரும் உடனே டிரான்சிஸ்டரைச் சந்தேகித்து மாற்றுவார்கள். குற்றவாளி அங்கே இருப்பது அபூர்வம். போர்டிலிருந்து ஜாக்குகளுக்கும் சுவிட்சுக்கும் பேட்டரிக்கும் போகும் கம்பிகளைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

காரணம் எளிது. கிட்டாரிலிருந்து வரும் சமிக்ஞை சுமார் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. ஃபஸ் வகைப் பெடல் அதைப் பல நூறு மடங்கு பெருக்குகிறது. வீட்டுச் சுவருக்குள் ஓடும் 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 முழுச் சுழற்சிகள் ஊசலாடுகிறது. அதன் சாயல் கடுகளவு உள்ளே நுழைந்தாலும், பெருக்கத்தில் அது பூசணிக்காய் ஆகிவிடும்.

காது உள்ளவர்களுக்கு உறுமலே துப்பும் தரும். அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த 'ம்ம்' 50 ஹெர்ட்ஸ். மேற்கத்திய இசையில் ஜி சுருதியைவிட ஒரு மயிரிழை மேலே. அது காற்று வழியாகவோ, சரியாகச் சேராத கம்பி வழியாகவோ நுழைவது. அதற்கு ஒரு ஸ்தாயி மேலே 100 ஹெர்ட்ஸில் கரகரத்தால் பெரும்பாலும் பழைய வகை அடாப்டரின் வேலை. அடாப்டரைக் கழற்றிப் பேட்டரி போட்டதும் அது அடங்கினால் பெடல் நிரபராதி. ஒற்றைச் சுருள் கொண்ட கிட்டார் பிக்கப், பக்கத்திலிருக்கும் டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலத்தை நேரடியாகவே வாங்கும். கிட்டாரைப் பிடித்தபடி சற்றுத் திரும்பி நின்றால் உறுமல் குறைகிறதா? அப்படியானால் பெடலைப் பிரிக்க வேண்டாம்.

ஒரு சொல், இரண்டு பொருள்

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. 'எர்த்', 'கிரவுண்ட்' என்று நாம் சொல்வது இரண்டு வேறு விஷயங்கள்.

ஒன்று, வீட்டு எர்த். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளில் தொடங்கி, சுவருக்குள் ஓடி, வீட்டுப் பின்புறம் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழாய் வரை போகும் கம்பி. அதன் வேலை உயிர் காப்பது. ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு கம்பி பிய்ந்து உலோக உடம்பில் பட்டால், மின்சாரம் மனிதர் வழியாகப் போகாமல் இந்த வழியாகப் பாய்ந்து ஃபியூஸைப் போக்கிவிடும்.

இன்னொன்று, பெடலுக்குள் இருக்கும் கிரவுண்ட். அது வெறும் பூஜ்யம். பேட்டரியின் நெகட்டிவ் முனை இருக்கும் இடத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லா வோல்ட்டையும் அங்கிருந்து அளக்கிறோம். மண்ணோடு அதற்கு நேரடி உறவு தேவையில்லை. பேட்டரியில் ஓடும் பெடலை நடுக்கடலில் படகில் வைத்தும் வாசிக்கலாம்.

ஆம்ப்ளிஃபயரில் இந்த இரண்டும் சந்திக்கின்றன. கிட்டார் கம்பிகள், பெடலின் பெட்டி, கேபிளின் மேல்வலை எல்லாம் ஆம்ப் வழியாக வீட்டு எர்த்தோடு சேர்ந்துவிடுகின்றன. முதலாவது ஒழுங்காக இருக்கும்வரை இது பாதுகாப்பு. இல்லையென்றால் அதுவே எமன். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

பெட்டி கவசம், கம்பி வேறு

பெடலின் அலுமினியப் பெட்டி அழகுக்காக இல்லை. கிரவுண்டோடு சேர்ந்த உலோகச் சுவர் வெளியிலிருந்து வரும் மின்புலத்தை உள்ளே விடாது. பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் பெடல் கட்டியவர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள்.

ஆனால் பெட்டி கிரவுண்டோடு உண்மையில் சேர்ந்திருக்கிறதா? பெயிண்ட் அடித்த பெட்டியில் ஜாக்கின் நட் பெயிண்டைத்தான் தொடும், உலோகத்தை அல்ல. உட்பக்கத்தில் அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் சுரண்டி, பல் உள்ள வாஷர் போட்டு இறுக்க வேண்டும். கடற்காற்றும் ஆறு மாத ஈரமும் உள்ள திருவனந்தபுரம் போன்ற ஊரில் இதுவும் நிரந்தரமல்ல. நட் சற்றுத் தளர்ந்தால் போதும், அலுமினியத்தின் மீது பூத்துவிடும். நேற்று அமைதியாக இருந்த பெடல் இன்று உறுமும்.

இங்கேதான் அனுபவசாலிகளும் புதியவர்களும் பிரிகிறார்கள். இரண்டு ஜாக்குகளும் உலோகம், பெட்டியும் உலோகம், எனவே கிரவுண்ட் கம்பி எதற்கு என்று விட்டுவிடுவது புதியவர்கள் வழக்கம். முதல் நாள் அது வேலை செய்யும். ஆனால் சமிக்ஞை திரும்பிப் போகும் வழியை ஒரு நட்டின் இறுக்கத்தை நம்பி ஒப்படைக்கக் கூடாது. பெட்டியைக் கவசமாக வைத்துக்கொள்ளுங்கள், கம்பியாக நம்பாதீர்கள். இரு ஜாக்குகளின் கிரவுண்ட் காதுகளுக்கும் தனிக் கம்பி வேண்டும்.

அந்தக் கம்பிகள் எப்படி ஓட வேண்டும்? வீட்டுக் கழிவுநீர்க் குழாயை நினைத்துக்கொள்ளலாம். சமையலறை, குளியலறை, வாஷ்பேசின் மூன்றும் ஒரே மெல்லிய குழாயில் அடுத்தடுத்துச் சேர்ந்தால், சமையலறையில் தண்ணீர் கொட்டும்போது வாஷ்பேசின் குமிழிவிடும். தனித்தனிக் குழாய் போட்டுத் தொட்டியில் சேர்த்தால் ஒன்றின் தொல்லை மற்றொன்றுக்கு இல்லை. கிரவுண்டும் அப்படியே. போர்டு, பேட்டரி, அடாப்டர் ஜாக், விளக்கு, அவுட்புட் ஜாக் ஆகிய ஒவ்வொன்றின் கிரவுண்ட் கம்பியும் தனியாக வந்து ஒரே புள்ளியில் சேர வேண்டும். நட்சத்திரத்தின் கைகள் நடுவில் சேர்வதுபோல இருப்பதால் இதற்கு ஸ்டார் கிரவுண்ட் என்று பெயர். இன்புட் ஜாக்கின் கிரவுண்ட் காது அந்த நடுப்புள்ளிக்கு நல்ல இடம்.

உள்ளங்கை அளவுப் பெட்டிக்கு இவ்வளவு ஆசாரம் தேவையா என்று கேட்கலாம். எளிய பெடலில் இரண்டு ஜாக்குகளும் பெட்டியைத் தொட்டுக் கம்பியும் இருந்தால் பெரும்பாலும் கேடு வராது. வளையம் மிகச் சிறியது. ஆனால் அதிகப் பெருக்கம் உள்ள ஃபஸ், மின்சாரத்தை விழுங்கும் டிஜிட்டல் எக்கோ போன்றவற்றில் வித்தியாசம் காதுக்கே தெரியும். ஒழுங்காகக் கம்பி போடும் பழக்கத்தால் இன்னொரு லாபம் உண்டு. பழுது பார்க்கும்போது எது எங்கே போகிறது என்பது ஒரே பார்வையில் புரியும்.

ஜாக்கில் இருக்கும் சூட்சுமம்

பெடலின் இன்புட் ஜாக்கைப் பார்த்தால் அது ஸ்டீரியோ. கிட்டாரோ மோனோ. வீண் செலவு என்று நினைத்து மோனோ ஜாக் போட்டுவிடாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவ் கம்பி அந்த ஜாக்கின் நடு வளையத்தில் சேர்கிறது. மோனோ பிளக் உள்ளே போனதும் அதன் உலோக உடல் வளையத்தையும் கிரவுண்டையும் இணைத்து மின்சாரத்தை ஓடவிடுகிறது. பிளக்கை உருவினால் பேட்டரி துண்டிக்கப்படும். தனி சுவிட்சே வேண்டாம். அணைத்துவிட்டோம் என்று நினைத்துக் கேபிளை அப்படியே விட்டுப்போனால் காலையில் பேட்டரி செத்திருக்கும். பெடலின் விளக்கு அணைந்திருந்தாலும் உள்ளே போர்டு குடித்துக்கொண்டுதான் இருக்கும்.

அடாப்டர் ஜாக் இன்னும் ஆபத்தான இடம். பெடல் உலகில் பெருவழக்கு, அடாப்டர் முனையின் நடுவில் நெகட்டிவ், வெளிப்புறத்தில் பாசிட்டிவ். உலோக உடல் கொண்ட ஜாக்கைப் பெட்டியில் பொருத்தினால் பாசிட்டிவ் நேராகப் பெட்டியைத் தொடும். பெட்டியோ கிரவுண்ட். விளைவு ஷார்ட் சர்க்யூட். எனவே பிளாஸ்டிக் உடல் ஜாக்தான் சரி. தலைகீழ் அடாப்டரை யாராவது செருகினாலும் போர்டு பிழைக்க, பாசிட்டிவ் வழியில் ஒரு டையோடு போட்டுவைப்பது சில ரூபாய் இன்ஷூரன்ஸ்.

பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் ஃபஸ் பெடல்களில் பாசிட்டிவ்தான் கிரவுண்ட். அவற்றை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் மாலைபோலக் கோத்தால் அடாப்டர் ஷார்ட் ஆகும். அவற்றுக்குத் தனிப் பேட்டரியே உத்தமம்.

ஒன்பது கால் சுவிட்ச்

காலால் மிதிக்கும் சுவிட்சைத் திருப்பிப் பார்த்தால் மூன்று வரிசையில் ஒன்பது கால்கள். பயப்படத் தேவையில்லை. மூன்று தனிச் சுவிட்சுகள் ஒரே மிதியில் அசைகின்றன, அவ்வளவே. முதலாவது கிட்டார் சமிக்ஞையைப் போர்டுக்கு அனுப்புவதா, நேரே வெளியே விடுவதா என்று முடிவு செய்கிறது. இரண்டாவது வெளியே போகும் ஜாக் எதைக் கேட்க வேண்டும் என்பதை. மூன்றாவது விளக்கை ஏற்றுகிறது.

இங்கே நடக்கும் தவறுகள் மூன்று. சால்டரிங் அயர்னை நீண்ட நேரம் வைத்து உள்ளிருக்கும் பிளாஸ்டிக்கை உருக்கிவிடுவது முதலாவது. ஒரு காலுக்கு இரண்டு மூன்று விநாடி போதும், அடுத்த காலுக்குப் போகுமுன் ஆறவிடுங்கள். இன்புட் கம்பியையும் அவுட்புட் கம்பியையும் ஒன்றாக முறுக்கி அழகுபடுத்துவது இரண்டாவது. பெருக்கப்பட்ட ஒலி மீண்டும் இன்புட்டுக்குள் கசிந்து பெடல் கீச்சிடும். ஒன்றைப் பெட்டியின் இடப்பக்கமாகவும் மற்றதை வலப்பக்கமாகவும் கொண்டுபோக வேண்டும். இன்புட் கம்பி நீளமாக இருந்தால் மேல்வலை போட்ட கம்பி நல்லது. அந்த வலையை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டில் சேர்த்து, மறு முனையை வெட்டிவிட வேண்டும். விளக்கின் கிரவுண்டை இன்புட் பகுதியின் கிரவுண்டோடு ஒட்டவைப்பது மூன்றாவது. ஒவ்வொரு மிதிக்கும் 'டப்' என்ற சத்தம் வருவதற்கு இது ஒரு காரணம். தனிக் கம்பி கொடுத்த பிறகும் சத்தம் வந்தால் போர்டின் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் போடுங்கள், அடங்கும்.

வெட்டக்கூடாத முள்

இவ்வளவும் செய்யப் பொறுமையில்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. மேடைகளில் அது இன்றும் சகஜம். ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிடுவது அல்லது மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகுவது. சில சமயம் உறுமல் சட்டென்று நின்றுவிடும். இரண்டு கருவிகளின் எர்த் வழிகள் சேர்ந்து உண்டாக்கிய வளையம் அறுந்துபோவதால் வரும் அமைதி அது.

அந்த அமைதியின் விலை தெரிய வேண்டும். 1972 மே மாதம் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் 'ஸ்டோன் தி க்ரோஸ்' குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, மேடையில் முறையாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1976 மே மாதம், 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் தன் வீட்டிலேயே எர்த் சரியில்லாத கிட்டாரால் உயிரிழந்தார். கிட்டார் கம்பிகள் ஆம்ப்பின் உடலோடு சேர்ந்தவை. எர்த் அறுந்த ஆம்ப்பில் ஒரு கோளாறு வந்தால் கிட்டார் கம்பியில் 230 வோல்ட் நிற்கும். வாசிப்பவரின் உதடு எர்த் உள்ள மைக்கைத் தொட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும்.

நம் மூன்று முள் பிளக்கில் எர்த் முள் மட்டும் ஏன் பருமனாகவும் நீளமாகவும் இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? செருகும்போது அதுதான் முதலில் தொட வேண்டும், உருவும்போது கடைசியாக விடுபட வேண்டும் என்பதற்காக. அதை வெட்டுகிறவர் அந்த யோசனை முழுவதையும் வெட்டுகிறார்.

கோயில் உற்சவ மேடை, கல்லூரி விழா, மழை நனைத்த பந்தல், ஜெனரேட்டர் மின்சாரம். நம் ஊர்க் கச்சேரிகளின் சூழ்நிலை இதுதான். செம்புரை மண் கோடையில் காய்ந்தால் மின்சாரத்தை எளிதில் உள்வாங்காது, எர்த் குழிக்கே தண்ணீர் ஊற்ற வேண்டிவரும். எனவே 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் ஒத்திகை அறையிலும் மேடையிலும் அவசியம். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். துலாவர்ஷ மாலைகளில் இடி இறங்கும்போது வாசிப்பை நிறுத்தி எல்லா பிளக்குகளையும் உருவிவிடுவதே விவேகம்.

உறுமலைப் போக்க நேர்வழிகள் இல்லாமல் இல்லை. எல்லா ஆம்ப்களையும் பெடல் அடாப்டரையும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து வரும் பலகையில் செருகலாம், எர்த் வழி ஒன்றாகிவிடும். டிஜிட்டல் பெடலுக்கும் ஃபஸ்ஸுக்கும் தனித்தனியாகப் பிரிந்த இணைப்பு தரும் பவர் சப்ளை வாங்கலாம். மலிவான இரண்டு முள் அடாப்டர்களில் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருப்பதோடு கூடவே ஓர் இரைச்சலும் வரும், அவற்றைத் தவிர்க்கலாம். மிக்ஸருக்குப் போகும் வழியில் டி.ஐ. பெட்டி வைத்து அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டலாம். அது சமிக்ஞைக் கேபிளின் கிரவுண்டைத்தான் துண்டிக்கிறது. ஆம்ப்பின் எர்த் அப்படியே இருக்கும்.

மின்சாரம் கொடுக்குமுன்

பெட்டியை மூடுமுன் ஐந்து நிமிடம் மல்டிமீட்டருக்குக் கொடுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மீட்டரை 'பீப்' நிலையில் வையுங்கள்.

ஒன்று: இன்புட் ஜாக் கிரவுண்டுக்கும் அவுட்புட் ஜாக் கிரவுண்டுக்கும் இடையே பீப் வர வேண்டும்.

இரண்டு: அங்கிருந்து பெட்டியின் சுரண்டிய உலோகத்துக்கும், மூடிக்கும், போர்டின் கிரவுண்டுக்கும் பீப் வர வேண்டும்.

மூன்று: பேட்டரி நெகட்டிவுக்கும் கிரவுண்டுக்கும் இடையே, பிளக் செருகினால் பீப், உருவினால் மௌனம்.

நான்கு: பாசிட்டிவுக்கும் பெட்டிக்கும் இடையே தொடர்ந்து பீப் வரவே கூடாது. வந்தால் பேட்டரியைத் தொடாதீர்கள், அடாப்டர் ஜாக்கைப் பாருங்கள்.

ஐந்து: மூடியை மூடிய பிறகு முதல் நான்கையும் மறுபடி ஒருமுறை சோதியுங்கள். மூடும்போது நசுங்கும் கம்பிகள் பல பெடல்களின் சாவுக்குக் காரணம்.

ஐந்திலும் தேறிய பெடலில் கேபிளைச் செருகி ஆம்ப்பைத் திறந்தால் முதலில் ஒன்றுமே கேட்காது. வேலை செய்யவில்லையோ என்று ஒரு கணம் சந்தேகம்கூட வரும். ஒரு நரம்பைத் தட்டினால் அறையே அதிரும், கை எடுத்தால் மீண்டும் மௌனம். நவராத்திரி மண்டபத்தின் மண்பானைகளுக்கு இயல்பாக வாய்த்த அமைதியை, மின்சாரத்தோடு வாசிக்கிறவர்கள் ஒவ்வொரு கம்பியாகச் சேர்த்துச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. அதற்காகப் பிளக்கின் பெரிய முள்ளில் கை வைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.